சொந்த எடிட்டரைச் செயலிக்குள் இறக்குவது: எந்த வழி யாருக்கு ஒத்துவரும்?

கோவையில் சரவணம்பட்டி, கீரணத்தம், பீளமேடு பக்கம் இயங்கும் எங்களைப் போன்ற சின்ன மென்பொருள் குழுக்களுக்குத் திருப்பூரிலிருந்து அடிக்கடி வேலை வரும். ஏற்றுமதிக் கம்பெனிக்கு எழுதித் தரும் செயலி எதுவானாலும் அதற்குள் ஓர் எழுதும் பெட்டி இருந்தாக வேண்டும். ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் அதில் ஆர்டர் குறிப்பு எழுதுவார். துணியின் ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்) என்ன, சாயம் எந்த ஷேடு, லேபிள் எங்கே வர வேண்டும் என்பதெல்லாம் அங்கேதான். நடுவில் ஓர் அளவு அட்டவணை. பையருக்குப் போகிற பகுதி ஆங்கிலத்தில், கட்டிங் மாஸ்டருக்குப் போகிற பகுதி தமிழில்.

இந்த எழுதும் பெட்டிக்கு ரெடிமேடாகக் கிடைக்கிற எடிட்டரே போதும் என்றுதான் ஆரம்பத்தில் தோன்றும். அப்புறம், அட்டவணையில் டாலரன்ஸ் (அளவு எவ்வளவு கூடக் குறைய இருக்கலாம்) என்ற நெடுவரிசை தானாக வர வேண்டும், பழைய வேர்டு ஃபைலிலிருந்து ஒட்டினால் தமிழ் உடையக் கூடாது என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். அவற்றுக்குப் பிளகின் (கூடுதல் வசதிக்கான துணை நிரல்) எழுத ஆரம்பித்தால் கொஞ்ச நாளில் அது நம் சொந்த எடிட்டர் ஆகிவிடும்.

எந்த எடிட்டர் நல்லது என்று எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எழுத வந்தது அதற்கு அடுத்த கட்டத்தை: கட்டிய எடிட்டரை, ரியாக்ட் அல்லது வியூ என்ற ஜாவாஸ்கிரிப்ட் கட்டமைப்பில் ஓடும் செயலிக்குள் எப்படி இம்போர்ட் செய்வது, அதாவது கொண்டுவந்து சேர்ப்பது. உதாரணத்துக்குச் சிகே எடிட்டர் 5-ஐ அடிப்படையாக வைத்துப் பேசுகிறேன். ப்ரோஸ்மிரர் என்ற எடிட்டர் நூலகத்தின் மேல் நிற்கும் டிப்டாப், மெட்டா 2022-இல் திறந்த மூலமாக வெளியிட்ட லெக்சிகல் ஆகியவற்றுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

என் முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எடிட்டரை மாதம் ஒருமுறையாவது தொடுகிற குழு என்றால், அதன் சோர்ஸை (மூல நிரலை), செயலியின் ரெப்போவுக்குள்ளேயே (குறியீட்டுக் களஞ்சியத்துக்குள்ளேயே) ஒரு தனி பேக்கேஜாக வைத்து இம்போர்ட் செய்வதுதான் சரி. வருடத்துக்கு ஒருமுறைகூடத் தொடப்போவதில்லை என்றால் பில்ட் செய்த ஒற்றைக் கோப்பே போதும். மற்ற வழிகளுக்கும் இடம் உண்டு, அவை குறிப்பிட்ட சில நிலைமைகளுக்கு மட்டும்.

பில்ட் செய்த ஒற்றைக் கோப்பு

சிகே எடிட்டர் 5-இல் பல வருடம் வழக்கத்தில் இருந்தது இந்த வழிதான். அப்போது ஆன்லைன் பில்டரில் வேண்டிய பிளகின்களைத் தேர்ந்தெடுத்தால் ஒரு ஜிப் கோப்பு கிடைக்கும். அதைப் பிரித்து, நம் பிளகின்களையும் சேர்த்து பில்ட் செய்தால், எல்லாம் அடங்கிய ஒரே ஜாவாஸ்கிரிப்ட் கோப்பு வரும். அதைச் செயலிக்குள் நகலெடுத்து வைத்து இம்போர்ட் செய்ய வேண்டும், அல்லது பக்கத்தில் ஸ்கிரிப்ட் டேகாகப் போட்டுவிட்டு விண்டோ பொருளிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும்.

இதன் பலம் எளிமைதான். செயலியின் பில்ட் கருவி எடிட்டரின் உள்விவகாரம் எதையும் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. ஜேக்வெரியில் எழுதப்பட்ட பத்து வருடப் பழைய பிஎச்பி செயலிக்குள் புது எடிட்டரை நுழைக்க வேண்டுமென்றால், இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

சிக்கல் நவீனக் கருவிகளோடுதான். அந்தக் கோப்பு யுஎம்டி என்ற பழைய மாட்யூல் வடிவத்தில் இருக்கும். வீட் (Vite) போன்ற பில்ட் கருவிகள் பிரவுசருக்கு, ஜாவாஸ்கிரிப்டின் இன்றைய வடிவமான இஎஸ் மாட்யூலாகவே கொடுக்கப் பார்க்கும். நோட் மாட்யூல்ஸ் அடைவுக்குள் இன்ஸ்டால் ஆகியிருக்கிற பேக்கேஜ்களை வீட் முன்கூட்டியே மாற்றி வைத்துக்கொள்கிறது. நம் சோர்ஸ் அடைவுக்குள் நகலெடுத்துப் போட்ட கோப்பை அது அப்படி மாற்றாது. விளைவு, டீஃபால்ட் என்ற எக்ஸ்போர்ட் இந்த மாட்யூலில் இல்லை என்று பிரவுசர் கன்சோலில் சிவப்பில் ஒரு வரி. கோப்பைத் திறந்து பார்த்தால் எடிட்டர் அங்கேதான் இருக்கும். புதிதாக வருகிற டெவலப்பர் இந்த ஒரு வரியிலேயே அரை நாளைத் தொலைப்பார்.

அதுபோக ஒவ்வொரு கருவியும் அந்தக் கோப்பிடம் ஒரு தடவை முட்டிக்கொள்ளும். கோப்பு 500 கேபியைத் தாண்டியதால் ஒழுங்குபடுத்தலைக் கைவிட்டேன் என்று, குறியீட்டைப் பழைய பிரவுசருக்கு ஏற்ப மாற்றித் தரும் பேபல் ஒரு குறிப்பு விடும். குறியீட்டில் தவறு தேடும் இஎஸ்லின்ட் அதையும் படித்துப் பார்த்து ஆயிரக்கணக்கில் குறை சொல்லும், விலக்குப் பட்டியலில் சேர்க்கும்வரை. டைப்ஸ்கிரிப்ட், டைப் விவரம் கிடைக்கவில்லை என்று நிற்கும். மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட்டில் ஒவ்வொரு மாற்றமும் ஒரே நீண்ட வரியின் மாற்றமாகத் தெரிவதால் ரிவ்யூ என்று ஒன்று நடக்கவே நடக்காது.

இவை எல்லாமே சமாளிக்கக்கூடியவை. சமாளிக்க முடியாதது ஒன்று உண்டு. எடிட்டரின் மையத்தை இம்போர்ட் செய்கிற இன்னொரு பிளகினை, பில்ட் ஆன கோப்புக்கு வெளியிலிருந்து சேர்க்க முடியாது. தைத்து, அயர்ன் பண்ணி, பாலிபேக்கில் போட்ட டி-ஷர்ட்டுக்குப் பாக்கெட் வைக்கச் சொல்கிற கதை அது. பிரிக்காமல் நடக்காது.

ஒரே எஞ்சின் இரண்டு தடவை ஏறினால்

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வழிகளைத் தரம் பிரிக்க நான் வைத்திருக்கும் உரைகல் இதுதான்.

எடிட்டருக்கு அட்டவணைப் பிளகின் வேண்டும். டெவலப்பர் என்பிஎம்-இல் (ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ்களின் களஞ்சியம்) தேடி அட்டவணைப் பேக்கேஜை இன்ஸ்டால் செய்கிறார், பில்ட் கோப்புக்குப் பக்கத்திலேயே இம்போர்ட் செய்து பிளகின் பட்டியலில் சேர்க்கிறார். அந்தப் பிளகினுக்கு எடிட்டரின் மையப் பேக்கேஜ் வேண்டும் என்பதால் என்பிஎம் அதையும் கொண்டுவந்துவிடும். ஆனால் அதே மையம் பில்ட் கோப்புக்குள் ஏற்கெனவே கரைந்து கிடக்கிறது. இப்போது ஒரே பக்கத்தில் இரண்டு மையங்கள், அதாவது இரண்டு எஞ்சின்கள். சிகே எடிட்டர் இதைக் கண்டுபிடித்து, டூப்ளிகேட்டட் மாட்யூல்ஸ் என்று பிழை கொடுத்து அங்கேயே நின்றுவிடும். அந்த வார்த்தைகளைக் கூகுளில் போட்டுப் பார்க்காத சிகே எடிட்டர் டெவலப்பர் அநேகமாக இருக்க மாட்டார்.

ப்ரோஸ்மிரரில் இதே நோய் வேறு முகத்தில் வரும். ஒரே பெயருள்ள பிளகினின் வெவ்வேறு பிரதிகளைச் சேர்க்கிறாய் என்று ஒரு பிழை. அல்லது, மாடல் பேக்கேஜின் பல பதிப்புகள் ஏறியிருப்பதுபோலத் தெரிகிறது என்று அடைப்புக்குள் ஒரு சந்தேகம். குறியீட்டில் எழுத்துப் பிழை எங்கே என்று எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. ஒரு பொருள் இந்த வகுப்பைச் சேர்ந்ததா என்று எஞ்சின் கேட்கிறது. அந்த வகுப்பு இரண்டு பிரதியாக இருந்தால், பெயர் ஒன்றாக இருந்தாலும் பதில் இல்லை என்றுதான் வரும். அவ்வளவுதான் விஷயம்.

ஆகவே எந்த வழியை யார் பரிந்துரைத்தாலும் நான் முதலில் கேட்பது, இதில் எஞ்சின் ஒரே ஒரு தடவைதான் ஏறும் என்பதற்கு என்ன உத்தரவாதம் என்பதைத்தான்.

அடைவைப் பாதை காட்டி இன்ஸ்டால் செய்வது

நகலெடுத்துப் போடுவதற்குப் பதிலாக, எடிட்டர் இருக்கும் அடைவின் பாதையைக் கொடுத்து என்பிஎம்-இல் டிபென்டென்சியாக (செயலி சார்ந்திருக்கும் பேக்கேஜாக) சேர்க்கலாம். சிகே எடிட்டரின் பழைய ஆவணங்களே இதைத்தான் சொல்லிக் கொடுத்தன. இம்போர்ட் வரி சுத்தமாக, வேறெந்த பேக்கேஜையும் போலவே இருக்கும்.

ஆனால் என்பிஎம் இங்கே அந்த அடைவை நகலெடுப்பதில்லை, அந்த இடத்தைச் சுட்டிக்காட்டும் ஒரு சிம்லிங்க் மட்டும் போடுகிறது. வீட் அந்த லிங்க்கைப் பிடித்துப் போய், உண்மையான இடம் நோட் மாட்யூல்ஸுக்கு வெளியே இருப்பதைப் பார்த்துவிட்டு, இது உன் சோர்ஸ் என்று மாற்றாமல் விட்டுவிடும். பழைய டீஃபால்ட் எக்ஸ்போர்ட் பிழை திரும்ப வரும். கான்ஃபிகில் முன்மாற்றப் பட்டியலில் அந்தப் பேக்கேஜைச் சேர்க்க வேண்டும், பில்டுக்கான காமன்ஜேஎஸ் அமைப்பிலும் தனியாகச் சேர்க்க வேண்டும். முதலாவதை மட்டும் செய்தால் நம் மெஷினில் ஜம்மென்று ஓடும், சர்வருக்கு பில்ட் எடுக்கும்போது விழும். இரண்டு இடமும் வேறு வேறு என்பதை ஆவணத்தில் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

சிம்லிங்க் வேண்டாமென்றால் என்பிஎம் பேக் கட்டளையால் ஒரு டிஜிஇசட் கோப்பாக்கி அதை இன்ஸ்டால் செய்யலாம். இப்போது உண்மையான நகல் கிடைக்கும், வீட் கருவியும் தகராறு செய்யாது. கவனிக்க வேண்டியது பதிப்பு எண். உள்ளே மாற்றிவிட்டு எண்ணை மாற்றாமல் அதே பெயரில் கோப்பை வைத்தால், பேக்கேஜ் பதிப்புகளைப் பதிந்து வைக்கும் லாக் ஃபைலில் இருக்கும் கைரேகையோடு ஒத்துப்போகாமல் சர்வரில் இன்ஸ்டால் நின்றுவிடும். வேறு ஊரில் இருக்கும் குழுவுக்கு எடிட்டரைக் கைமாற்றிக் கொடுப்பதானால் இது நாகரிகமான வழிதான்.

ரெப்போவுக்குள்ளேயே சோர்ஸாக

என்பிஎம் 7 வந்த 2020-இலிருந்து ஒர்க்ஸ்பேஸ் வசதி அதிலேயே இருக்கிறது. செயலி ஓர் அடைவு, எடிட்டர் இன்னோர் அடைவு, இரண்டுக்கும் மேலே ஒரே லாக் ஃபைல், ஒரே நோட் மாட்யூல்ஸ். எடிட்டர் அடைவில் பில்ட் செய்த கோப்பு எதுவும் கிடையாது. நம் பிளகின்களும், அவற்றைச் சேர்த்து ஓர் எடிட்டர் வகுப்பை எக்ஸ்போர்ட் செய்யும் ஒரு சின்னக் கோப்பும் மட்டும்தான். செயலியின் பில்ட் கருவியே இதையும் சேர்த்துக் கட்டிக்கொள்ளும்.

சிகே எடிட்டரில் ஒரு காலத்தில் இது பெரிய தலைவலி. ஐகான்களுக்கு ஒரு லோடர், சிஎஸ்எஸ்-க்கு இன்னொரு லோடர் என்று வெப்பேக் அமைப்பை அவர்கள் சொன்னபடியே எழுதினால்தான் சோர்ஸிலிருந்து கட்ட முடியும். அதனால்தான் பலரும் பில்ட் கோப்புப் பக்கம் போனார்கள். 2024 ஜூனில் வந்த 42-ஆம் பதிப்பு அதை மாற்றிவிட்டது. இப்போது திறந்த மூலப் பிளகின்கள் அத்தனையும் ஒரே பேக்கேஜிலிருந்து வருகின்றன. எடிட்டர் வகுப்பு, தடித்த எழுத்து, அட்டவணை எல்லாவற்றையும் ஒரே இம்போர்ட் வரியில் எடுக்கலாம், சிஎஸ்எஸ்-க்கு இன்னொரு வரி. தனி லோடர் வேண்டாம். பில்ட் கோப்புதான் வசதி என்று 2022-இல் எழுதப்பட்ட வழிகாட்டிகள் இன்னும் தேடலில் மேலே வந்து நிற்கின்றன. அவற்றைப் படிக்கும்போது தேதியைப் பாருங்கள்.

இந்த வழியில் எஞ்சின் ஒன்றுதான் என்பதை உறுதிசெய்ய ஒரு நிபந்தனை உண்டு. எடிட்டர் பேக்கேஜ், எஞ்சினைத் தன் நேரடி டிபென்டென்சியாகப் போட்டுக்கொள்ளக் கூடாது, பியர் டிபென்டென்சியாகப் போட வேண்டும். அப்போது எஞ்சினைக் கொண்டுவருவது செயலியின் பொறுப்பு, பதிப்பு எண் ஒரே இடத்தில் இருக்கும். சந்தேகம் வந்தால் என்பிஎம் எல்எஸ் கட்டளையில் எஞ்சினின் பெயரைக் கொடுத்துப் பாருங்கள், எத்தனை பிரதி எங்கெங்கே என்று மரமாகக் காட்டிவிடும். வீட் கருவியில், ஒரே பேக்கேஜின் பிரதிகளை ஒன்றாக்கும் டீடூப் அமைப்பும் இருக்கிறது. அதைக் காப்பீடாக வைத்துக்கொள்ளலாம், மருந்தாக நம்ப வேண்டாம்.

சோர்ஸ் வழியை நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், தமிழ் எழுதும் எடிட்டரை ஒருமுறை கட்டிவிட்டு மறந்துவிட முடியாது. இரண்டு உதாரணம் தருகிறேன்.

திருப்பூரில் பல ஆபீஸ்களில் பழைய கோப்புகள் இன்னும் பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில்தான் கிடக்கின்றன. அவற்றில் உண்மையில் இருப்பது ஆங்கில எழுத்துகள். எழுத்துரு மட்டும்தான் அவற்றைத் தமிழாக வரைந்து காட்டுகிறது. வேர்டிலிருந்து நகலெடுத்து எடிட்டரில் ஒட்டினால், அனுமதி இல்லாத எழுத்துரு என்று எடிட்டர் அந்தப் பெயரைக் கழற்றிவிடும். பாமினியில் இருந்த ‘அம்மா’, எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஐந்து குறிகளாக நிற்கும். இதற்கு ஒரு பிளகின் எழுதலாம்: ஒட்டும் நேரத்தில் கிளிப்போர்டின் எச்டிஎம்எல்-ஐ வாங்கி, எழுத்துருவின் பெயர் கழல்வதற்கு முன்பே பார்த்து, பாமினி என்றிருந்தால் அந்தத் துண்டை மட்டும் யூனிகோடுக்கு மாற்றிவிடுவது. முதல் பதிப்பு எல்லாக் கோப்புக்கும் வேலை செய்யாது. ஒருவர் வேறு எழுத்துருவில் அனுப்புவார். இன்னொருவரின் கோப்பில் ஒரே வரியில் பாமினியும் ஏரியலும் கலந்திருக்கும். மாப்பிங் அட்டவணையில் ஒரு வரி சேர்க்க ஒவ்வொரு தடவையும் எடிட்டரைத் தனியே பில்ட் செய்து, நகலெடுத்து, செயலியையும் பில்ட் செய்வது யாருக்கும் கட்டுப்படியாகாது.

இரண்டாவது, எழுத்து எண்ணிக்கை. லேபிள் வாசகத்துக்கு இத்தனை எழுத்துக்கு மேல் கூடாது என்று வரம்பு வைப்போம். ‘கோயம்புத்தூர்’ என்பதை யாரைக் கேட்டாலும் 7 எழுத்து என்பார்கள். ஜாவாஸ்கிரிப்டின் லெங்த் 13 என்னும். உயிர்க்குறியும் புள்ளியும் அதற்குத் தனித்தனி. ‘திருப்பூர்’ நமக்கு 5, அதற்கு 10. போதாக்குறைக்கு, கோ-வில் உள்ள ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் சேமிக்கலாம், இரண்டு துண்டாகவும் சேமிக்கலாம். துண்டாக வந்தால் 13 என்பது 14 ஆகும், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, தேடினால் மட்டும் கிடைக்காது. சேமிக்கும் முன் என்எஃப்சி முறையில் நார்மலைஸ் செய்து (துண்டுகளை ஒரே குறியாக்கி), எண்ணுவதற்கு ஜாவாஸ்கிரிப்டின் இன்டல் செக்மென்டரைப் பயன்படுத்தினால் இரண்டும் தீரும். நான்கைந்து வரி வேலைதான், ஆனால் அது எடிட்டருக்குள்ளே நடக்க வேண்டிய வேலை.

இப்படி எடிட்டருக்குள் கை வைக்க வேண்டிய சின்னச் சின்ன வேலைகள் வந்துகொண்டே இருக்கும். சோர்ஸ் பக்கத்திலேயே இருந்தால் மாற்றியதும் ஹாட் ரீலோடில் திரையில் தெரியும். பிழை வந்தால் டீபக்கரில் நம் வரியே காட்டும். குறுக்கப்பட்ட கோப்பில் முப்பதாயிரத்துச் சொச்சமாவது எழுத்தில் பிழை என்று காட்டினால் யாரால் என்ன செய்ய முடியும்?

இந்த வழியின் விலை: செயலியின் பில்ட் நேரம் கொஞ்சம் கூடும். எடிட்டரின் புதுப் பதிப்பில் ஏதாவது உடைந்தால் அது செயலியின் பில்டையே நிறுத்தும். மூன்று பேர் இருக்கிற குழுவில் இது நல்லதுதான், உடனே தெரிந்துவிடும். முப்பது பேர் இருக்கிற இடத்தில் மற்ற இருபத்தேழு பேரும் திட்டுவார்கள்.

தனி ரெஜிஸ்ட்ரி

அப்படிப்பட்ட பெரிய குழுவுக்கும், ஒரே எடிட்டரை நான்கைந்து செயலிகளில் போடுகிறவர்களுக்கும் ஏற்றது இது. எடிட்டரை ஒரு தனியார் பேக்கேஜாக வெளியிடலாம். கிட்ஹப் பேக்கேஜஸ் இருக்கிறது, சொந்த சர்வரில் வைத்துக்கொள்ள வெர்டாச்சியோ இருக்கிறது. ஆர்டர் செயலி இன்னும் 2.3-இல் இருக்கலாம், ஸ்டோர் செயலி 2.5-க்குப் போகலாம். யார் எப்போது மாறுவது என்பது அவரவர் வசதி.

வெளியிடும்போதும் எஞ்சினை உள்ளே கரைத்துவிடாமல் பியர் டிபென்டென்சியாகவே விடுங்கள், வடிவம் இஎஸ் மாட்யூலாக இருக்கட்டும். டைப் கோப்புகளையும் சேர்த்து அனுப்புங்கள். ரெஜிஸ்ட்ரிக்கான டோக்கனை (ரகசியச் சாவியை) என்பிஎம்ஆர்சி கோப்பில் நேராக எழுதி ரெப்போவில் ஏற்றிவிடும் பழக்கம் நம் பக்கம் இன்னும் போகவில்லை. சூழல் மாறியில் வையுங்கள். ஒரே ஒரு செயலிதான் இருக்கிறது என்றால் இந்த ஏற்பாடு வெட்டிச் சுமை.

சிடிஎன், ஐஃப்ரேம்

பில்ட் கருவியே இல்லாத பக்கத்துக்குச் சிடிஎன்-இலிருந்து (கோப்புகளை இணையத்தில் விநியோகிக்கும் சர்வர்கள்) எஞ்சினை எடுத்து, எந்தப் பெயருக்கு எந்த முகவரி என்று சொல்லும் இம்போர்ட் மேப் போட்டு, நம் பிளகின்களைத் தனி மாட்யூலாக ஏற்றலாம். 2023 மார்ச்சில் சஃபாரி 16.4 வந்ததோடு எல்லா முக்கியப் பிரவுசரிலும் இம்போர்ட் மேப் வந்துவிட்டது. எஞ்சின் ஒரே முகவரியிலிருந்து வருவதால் இரட்டிப்புத் தொல்லையும் இல்லை. சின்ன அட்மின் பக்கத்துக்கு எனக்கு இது பிடிக்கும். ஆனால் ஆபீஸ் கணினிகளில் வெளி இணையத்தைக் கட்டுப்படுத்தி வைத்திருக்கும் கம்பெனிக்கு இதைக் கொடுத்துவிட்டு வந்தால், எழுதும் பெட்டி இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு கட்டம் மட்டும் தெரியும். முதலிலேயே அவர்கள் ஐடி ஆளிடம் கேட்டுக்கொள்வது நல்லது. சிகே எடிட்டரில் இன்னொன்றும் உண்டு: 44-ஆம் பதிப்பிலிருந்து லைசென்ஸ் கீ கட்டாயம். சொந்த சர்வரில் ஜிபிஎல் (மூல நிரலையும் தரச் சொல்லும் திறந்த உரிமம்) என்றே போட்டுக்கொள்ளலாம். அவர்களுடைய சிடிஎன்-இலிருந்து எடுத்தால் அது செல்லாது, கணக்குத் திறந்து கீ வாங்க வேண்டும்.

ஐஃப்ரேமுக்குள் (பக்கத்துக்குள் இன்னொரு பக்கம்) எடிட்டரை வைத்துப் போஸ்ட் மெசேஜில் பேசுவது இன்னொரு வழி. ஸ்டைல் கலக்காது, எஞ்சின் கலக்காது. உயரத்தைச் சரிசெய்வது, பாப்-அப் வெட்டுப்படுவது, மொபைலில் கீபோர்டு மேலே வந்து மறைப்பது என்று மற்றதெல்லாம் நம் தலையில். ஒருவருக்கொருவர் நம்பாத இரண்டு குழுக்கள் ஒரே பக்கத்தில் வேலை செய்ய வேண்டியிருந்தால் பரிசீலிக்கலாம்.

எந்த வழியில் போனாலும் வருகிறவை

டெயில்விண்ட் என்ற சிஎஸ்எஸ் கருவியைப் பயன்படுத்தும் செயலியில் எடிட்டரை வைத்த மறுநாள் திருப்பூரிலிருந்து போன் வரும். “ஏனுங் தம்பி, பாயின்ட் பாயின்ட்டா அடிச்சனே, புள்ளி எல்லாம் எங்கீங் போச்சு?” டெயில்விண்டின் ப்ரீஃப்ளைட் என்ற அடிப்படை ஸ்டைல், பட்டியலின் புள்ளிகளையும் தலைப்பின் அளவையும் துடைத்துவிடுகிறது. “அண்ணா, நீங்க அடிச்சதெல்லாம் பத்திரமா இருக்குதுங், ஸ்டைல் மட்டுந்தான் போயிருக்குது, சாயந்திரம் சரியாயிருமுங்” என்று சொல்லிவிட்டு, உள்ளடக்கப் பகுதிக்குள் மட்டும் அந்த ஸ்டைல்களைத் திரும்பக் கொடுக்க வேண்டும். சேமித்ததை வேறு பக்கத்தில் காட்டும்போதும் இதே கதைதான். சிகே எடிட்டரின் உள்ளடக்க கிளாஸ் பெயரையும் சிஎஸ்எஸ்-ஐயும் அந்தப் பக்கத்திலும் சேர்க்காவிட்டால் அட்டவணையின் கோடுகள் காணாமல் போகும்.

ரியாக்ட் பக்கத்தைச் சர்வரிலேயே தயாரிக்கும் நெக்ஸ்ட் ஜேஎஸ் என்றால், சர்வரில் விண்டோ என்ற பொருள் கிடையாது, எடிட்டரை இம்போர்ட் செய்த இடத்திலேயே விழும். கிளையன்ட் காம்பொனென்ட்டுக்குள் டைனமிக் இம்போர்ட்டாக (தேவைப்படும்போது மட்டும் இறக்குவது), சர்வர் ரெண்டரிங்கை அணைத்துப் போட வேண்டும். சர்வர் ரெண்டரிங் இல்லாவிட்டாலும் டைனமிக் இம்போர்ட் நல்ல பழக்கம். ஆர்டர் பட்டியலைப் பார்க்க மட்டும் போனில் திறக்கிற செக்கிங் ஆள் எதற்காக முழு எடிட்டரையும் இறக்க வேண்டும்?

ரியாக்ட் 18-இலிருந்து ஸ்ட்ரிக்ட் மோடில் எஃபெக்ட் டெவலப்மென்ட்டில் இரண்டு தடவை ஓடும். எடிட்டர் உருவாவது அசின்க் வேலை, உடனே முடிந்துவிடாது. முதலாவது உருவாகி முடிவதற்குள் அழிக்கச் சொன்னால், அழிப்பதற்கு இன்னும் எதுவும் இருக்காது. ஒன்றின் கீழ் ஒன்றாக இரண்டு டூல்பார் தெரிந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். உருவாக்கும் பிராமிஸ் முடிந்த பிறகே டெஸ்ட்ராய் நடக்கும்படி எழுத வேண்டும், அல்லது அவர்கள் தரும் ரியாக்ட் காம்பொனென்ட்டையே பயன்படுத்த வேண்டும்.

உரிமம் பற்றியும் ஒரு வார்த்தை. சிகே எடிட்டர் 5 ஜிபிஎல் அல்லது வணிக உரிமம். எம்ஐடி-யில் இருந்த டைனிஎம்சிஇ 2024-இல் 7-ஆம் பதிப்போடு ஜிபிஎல்-க்கு மாறியது. ப்ரோஸ்மிரரும் லெக்சிகலும் டிப்டாப்பின் மையமும் எம்ஐடி, குவில் பிஎஸ்டி. வாடிக்கையாளருக்கு மூடிய செயலியாக விற்கப்போகிறீர்கள் என்றால் இம்போர்ட் வரி எழுதுவதற்கு முன்பே இதை அவரிடம் பேசிவிடுங்கள். பில் போட்ட பிறகு பேசினால் யாருக்கும் நன்றாக இருக்காது.

பில்ட் கோப்பிலிருந்து சோர்ஸுக்கு மாறுவதென்றால்

ஏற்கெனவே பில்ட் கோப்பில் ஓடிக்கொண்டிருப்பவர்கள் மாறும்போது இம்போர்ட்டைவிடப் பழைய உள்ளடக்கத்துக்குத்தான் ஆபத்து அதிகம். இந்த எடிட்டர்கள் எச்டிஎம்எல்-ஐ அப்படியே வைத்துக்கொள்வதில்லை. தங்களுக்குத் தெரிந்ததை மட்டும் தங்கள் மாடலுக்குள் எடுத்துக்கொண்டு, சேமிக்கும்போது திரும்ப எழுதுகின்றன. பழைய பில்டில் எழுத்து நிறப் பிளகின் இருந்து புதியதில் அதை விட்டுவிட்டால், சிவப்பில் குறித்த எச்சரிக்கை கறுப்பாகத் திறக்கும். மெர்ச்சண்டைசர் கவனிக்காமல் சேவ் செய்தால் நிறம் டேட்டாபேஸிலிருந்தே போய்விடும். பிழை என்று எதுவும் திரையில் வராது.

அதனால் மாறுவதற்கு முன் பழைய பில்டின் பிளகின் பட்டியலை எழுதி வையுங்கள். ஓடும் எடிட்டரின் பிளகின் தொகுப்பைக் கன்சோலில் சுற்றி வந்தாலே பெயர்கள் கிடைத்துவிடும். அப்புறம் பழைய ஆர்டர் குறிப்புகளில் ஐம்பதை எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய அட்டவணை உள்ளது, வேர்டிலிருந்து ஒட்டியது, படம் உள்ளது, முழுக்கத் தமிழில் உள்ளது என்று கலந்து எடுங்கள். ஒவ்வொன்றையும் புது எடிட்டரில் செட் டேட்டா கொடுத்து ஏற்றி, உடனே கெட் டேட்டாவில் திரும்ப வாங்கி, பழையதோடு ஒப்பிடும் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் போதும். இடைவெளி, ஆட்ரிபியூட் வரிசை போன்ற வித்தியாசங்களை வடிகட்டிய பிறகும் மிஞ்சுவது எதுவோ அதுதான் விடுபட்ட பிளகின். ஒன்றிரண்டு பழைய டேகுகளுக்குப் பிளகினே இல்லையென்றால் ஜெனரல் எச்டிஎம்எல் சப்போர்ட் என்ற பிளகினில் அவற்றை மட்டும் பெயர் சொல்லி அனுமதிக்கலாம். எல்லாவற்றையும் அனுமதித்துவிட்டால் ஸ்கிரிப்ட் டேகும் சேர்ந்து உள்ளே வரும், எனவே சர்வர் பக்கம் சானிடைஸ் செய்வதை எந்தக் காரணத்துக்காகவும் எடுத்துவிடாதீர்கள்.